கழுகு கலந்த வெள்ளை

என் தம்பிக்குக் கண் கெட்டது பெயிண்ட் வாசனையால் என்று எங்கள் சித்தப்பா பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். மாடி வீட்டு அம்மாளோ காதல் தோல்வி என்கிறாள். இரண்டும் சுத்தப் பொய். அவன் யாரையும் காதலித்ததில்லை. அந்த மூஞ்சியை யாரும் காதலித்ததும் இல்லை. பெயிண்ட் மேல் பழி போடுவதற்கு நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன். அதுதான் எங்கள் வீட்டுக்குச் சோறு போடுகிறது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். அவனும் சொல்லச் சொல்லிவிட்டான். "என் பேர் கெட்டா கெட்டுட்டுப் போகுதுக்கா, நீ பூசி மெழுகாத" என்றான். அவனை அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. கண் அவ்வளவு கூர்மை என்பதால் எல்லோருக்கும் அவன் கழுகு.

கார் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப் ஒன்றில்தான் நாங்கள் மூவரும் வேலை செய்கிறோம். பின்சுவரை ஒட்டித் தையல் மெஷின் போட்டுக்கொண்டு சீட் கவர் தைப்பது நான். முன்னால் கண்ணாடிக் கூண்டுக்குள் முகமூடி மாட்டிக்கொண்டு ஸ்ப்ரே அடிப்பது என் வீட்டுக்காரர். கூண்டுக்கு வெளியே, டின்களும் தராசும் வைத்த மேஜையில் நிறம் கலப்பது தம்பி.

நிறம் கலப்பதென்றால் டின்னைத் திறந்து ஊற்றிவிடுகிற வேலை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை. ஆனால் நிழலில் நின்ற கார் ஒரு வெள்ளை, வெயிலில் வெந்த கார் இன்னொரு வெள்ளை. இடிபட்ட கதவை மட்டும் புதிதாக அடித்தால் அது பக்கத்துக் கதவோடு சேராமல் பல்லிளிக்கும். அதனால் ஒரு சொட்டு மஞ்சள், அரைச் சொட்டு கறுப்பு என்று சேர்த்துச் சேர்த்து, உள்ளங்கை அகலத் தகர அட்டையில் அடித்து, காயவைத்து, வெளியே வெயிலில் கொண்டுபோய்க் காரின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அட்டையின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோனால் சரி. அப்புறம் அட்டையின் பின்னால் கையெழுத்துப் போட்டு, மேஜைக்கு மேலே கட்டிய கம்பியில் மாட்டிவிடுவார்கள். மாட்டிய அட்டையை யாரும் கழற்றக் கூடாது என்பது எங்கள் ஒர்க்‌ஷாப் வழக்கம். அந்த நிறத்துக்கு மாட்டியவன்தான் கடைசிவரை ஜவாப்தாரி.

கம்பியில் முக்கால்வாசி கழுகின் அட்டைகள்தான். மற்றவர்கள் நாள் முழுக்க மல்லுக்கட்டுகிற நிறத்தை அவன் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவான். வெயிலில் வைத்தால் அட்டை காணாமல் போகும். முதலாளி அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான். எனக்கும் பெருமைதான். ஆனால் அவன் முன்னால் காட்டிக்கொள்ள மாட்டேன். காட்டினால் அப்புறம் யார் அவனைக் கையில் பிடிப்பது?

இப்படி இருந்தவனிடம் வந்து ஒட்டிக்கொண்டது ஒரு ஜந்து. வண்டியில் உதிரி பாகம் கொண்டுவந்து இறக்குகிறவன். வாயைத் திறந்தால் பிரபஞ்சம், பேரொளி, நான் யார் என்று ஆரம்பித்துவிடுவான். தத்துவம் என்று பேர் வைத்தோம். அதைப் பட்டமென்று நினைத்து அவனும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டான். அவன்தான் தம்பிக்குப் போதை ஸ்டாம்பை அறிமுகப்படுத்தியது. நகத்தளவு காகிதம், அதில் என்னவோ மருந்து தடவியிருக்கும். நாக்கில் வைத்தால் இல்லாததெல்லாம் தெரியும்.

"இது போதையே இல்ல மாப்ள. சாராயம் மாதிரி ஈரலைத் தின்னாது, சிகரெட் மாதிரி அடிமையாக்காது. கண்ணைத் திறந்துவிடும், அவ்வளவுதான். உன்ன மாதிரி ஆளுக்குன்னே செஞ்சது" என்பான் தத்துவம்.

முதல் தடவை போட்டுவிட்டு வந்து தம்பி என்னிடமே மறைக்காமல் சொன்னான். அவன் என்னிடம் எதையும் மறைத்ததில்லை.

"அக்கா, பச்சைக்குள்ள பச்சை, அதுக்குள்ள இன்னொரு பச்சை. இத்தனை நாளா நான் குருடனாத்தான் இருந்திருக்கேன்."

"குருடனாவே இருடா. சம்பளம் ஒழுங்கா வருதில்ல" என்றேன்.

கத்தினேன், கெஞ்சினேன், பேசாமலிருந்தும் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. விடுமுறைக்கு விடுமுறை என்று இருந்தது வாராவாரம் ஆயிற்று. முதலில் ஒரு ஸ்டாம்பில் தெரிந்ததெல்லாம், அடுத்தடுத்துப் போட்டால் ஒன்றில் தெரியாது போலிருக்கிறது. அளவு கூடிக்கொண்டே போயிற்று. நடுநடுவே காரணமே இல்லாமல் பயம் வந்து, மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். இதயம் வெளியே வந்து விழுந்துவிடும்போல அடிக்கிறது என்பான். மறுநாளே ஒர்க்‌ஷாப்பில் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு, ஸ்டாம்ப் போட்ட பிறகுதான் தன் கண் கூர்மையாயிற்று என்று அளப்பான். அவன் கண் கூர்மையாக இருந்தது ஸ்டாம்புக்கு எவ்வளவோ முன்பிருந்தே. அந்தப் பேரை ஸ்டாம்ப் திருடிக்கொண்டது. என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது அதுதான்.

பிறகு ஒருநாள் வேலைக்கே போட்டுக்கொண்டு வந்துவிட்டான். முத்து வெள்ளை நிறக் கார், முன்கதவு மட்டும் புதிது. கலந்தான், அட்டையில் அடித்தான், கையெழுத்துப் போட்டு நேராகக் கம்பியில் மாட்டினான்.

"வெயில்ல வச்சுப் பாத்தியா மாப்ள?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எனக்கெதுக்கு மாமா வெயிலு? உள்ளயே அப்படியே தெரியுது. அடிங்க" என்றான்.

அவர் அடித்தார். காய்ந்ததும் காரை வெளியே தள்ளினார்கள். நான் கத்தரிக்கோலும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தேன். வெள்ளைக் காரில் ஊதாக் கதவு. வெயில் பட்டதும் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. நிறமே தெரியாத எனக்கும் தெரிந்தது, டீ கொண்டு வந்தவருக்கும் தெரிந்தது. தம்பிக்கு மட்டும் தெரியவில்லை.

"சரியாத்தானே இருக்கு! வெயில்லதான் ஏதோ கோளாறு" என்றான்.

சூரியனிடமே குறை கண்டுபிடித்தவன் உலகத்தில் என் தம்பி ஒருவனாகத்தான் இருப்பான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, கதவை மறுபடி சுரண்டி அடிக்கச் சொன்னார். அந்த அட்டை இப்போதும் கம்பியில்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகாவது நிறுத்தினானா? நிறுத்தவில்லை. அடுத்த விடுமுறை நாள் மத்தியானம் தத்துவத்திடமிருந்து போன் வந்தது. "அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னான். தம்பி தனியாக வாடகைக்கு எடுத்திருந்த அறை ரெண்டு தெரு தள்ளித்தான். ஓடினேன். தத்துவம் வாசற்படியில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தான். உள்ளே தம்பி தரையில் கிடந்து, வலிப்பு வந்து வெட்டிக்கொண்டிருந்தான். தொட்டால் அனலாகக் கொதித்தது. தாடை இறுகிப்போய், கண் மேலே சொருகியிருந்தது. வெட்டு நின்றதும் என்னைப் பார்த்து அலறினான். நான் யாரென்றே அவனுக்குத் தெரியவில்லை. நான் வளர்த்த பிள்ளை என்னைக் கண்டு பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டதை நான் சாகிறவரை மன்னிக்க மாட்டேன். அவனை மன்னித்துவிட்டேன். அந்தக் காகிதத்தை மன்னிக்க மாட்டேன்.

ஆட்டோவில் ஏற்றும்போது தத்துவம் என் காதோரம் வந்தான்.

"ஆஸ்பத்திரில சாப்பாடு ஒத்துக்கலன்னு சொல்லிடுங்கக்கா. ஸ்டாம்புன்னு சொன்னா போலீஸ் கேஸ் ஆயிடும்."

அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தேன். சீட் கவர் தைத்துத் தைத்து என் பிடி கொஞ்சம் முரட்டுப் பிடி. அப்படியே ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் இறக்கி, அவசரப் பிரிவில் டாக்டரம்மா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"இவங்க கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லு. ஒரு வார்த்தை பொய் வந்துது, தொலைச்சிடுவேன்."

"எப்பவும் போடுறதுதான் மேடம். ஆனா இன்னைக்குப் போட்டது கசக்குதுன்னான், நாக்கு மரத்துப் போச்சுன்னான். நான் வேற ஒருத்தன்கிட்டதான் வாங்கினேன். அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"வாங்கினவருக்கும் தெரியல, வித்தவருக்கும் தெரியாது. ஆனா நாக்குல மட்டும் வச்சுக்குவீங்க" என்றார் டாக்டரம்மா. கையோ ஊசியில் வேலையாக இருந்தது. "வேற மருந்தைத் தடவி இதே பேர்ல விக்கிறாங்க. தாளைப் பாத்துக் கண்டுபிடிக்க யாராலயும் முடியாது. உண்மையச் சொன்னீங்களே, அதுவரைக்கும் நல்லது."

ஜுரம் இறங்கி, வலிப்பு நின்று, தசை முறுக்கியதில் சிறுநீரகம் வரை போன பாதிப்பு சரியாகிற வரையில் அவனை அங்கேயே வைத்திருந்தார்கள். பிழைத்தான். போலீஸ் வந்து தத்துவத்தை விசாரித்தது. அவனிடம் எதுவும் சிக்கவில்லை, வெளியே வந்துவிட்டான். வந்த கையோடு ஒளியைப் பற்றிப் பேசவும் ஆரம்பித்துவிட்டான்.

தம்பியும் வீட்டுக்கு வந்தான். ஆனால் அவன் பார்வை பழையபடி வரவில்லை. எதைப் பார்த்தாலும் அதன் மேல் பொடிப் பொடியாகப் புள்ளிகள் ஓயாமல் துடிக்கின்றன என்றான். கையை அசைத்தால் பின்னாலேயே இன்னும் நாலு கை வருகிறது. தரையில் டைல்ஸ் ஊர்கிறது. சுத்தமாக விட்ட பிறகும், நாள் போய், மாதம் போயும் நிற்கவில்லை. கண் டாக்டரிடம் போனோம். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அக்கா, எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா? உண்மையச் சொல்லு."

மனநல டாக்டரிடம் அழைத்துப் போனேன். பெரியவர், நிதானமாகப் பேசினார். வாயில் நுழையாத ஒரு நீளப் பேர் சொல்லிவிட்டு, எங்களுக்குப் புரிகிற மாதிரியும் சொன்னார்.

"பைத்தியம் இல்ல தம்பி. தெரியுறது நிஜமில்லன்னு உங்களுக்கே தெரியுது பாருங்க. கண்ணு சரியாத்தான் பாக்குது, அதை மூளை படிக்கிற விதம்தான் கெட்டுப்போச்சு. சிலருக்குப் போகப் போகக் குறையும். சிலருக்கு வருஷக்கணக்கா நிக்கும். நான் தேதி சொல்ல முடியாது. இன்னொரு தடவை எந்தப் போதையையும் தொட்டீங்கன்னா இன்னும் மோசமாகலாம். சிலபேருக்கு இதைப் போட்டு நிஜமாவே புத்தி பேதலிச்சுப் போறதும் உண்டு. நல்லாத் தூங்குங்க. வண்டி ஓட்டாதீங்க."

"நிறம் கலக்கலாமா சார்?" என்றான் தம்பி. அவனுக்கு அந்த ஒரு கேள்விதான்.

"கண்ணுல தெரியுறதை உங்களாலயே நம்ப முடியுதா?" என்று திருப்பிக் கேட்டார் டாக்டர். அந்தக் கேள்வியே போதுமாக இருந்தது.

முதலாளி நல்லவர்தான், வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் கலக்கும் மேஜை என் வீட்டுக்காரர் பொறுப்புக்குப் போயிற்று. தம்பி பட்டி பார்க்கிற வேலைக்கு வந்தான். ஒடுங்கின தகரத்தில் பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்வது. "வீட்லயே இருந்து ஓய்வெடு" என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். "எதுக்கு? கை நல்லாத்தானே இருக்கு?" என்று வந்து நின்றான். மேடு பள்ளத்தை உள்ளங்கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதால் அந்த வேலை அவனுக்கு ஒத்துவந்தது. அந்தச் சமயத்தில்தான் சித்தப்பா பெயிண்ட் வாசனைக் கதையைக் கிளப்பினார். கௌரவமான காரணமாம். தம்பிக்கு மறுத்துப் பேசத் தெம்பில்லை, கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்து தேய்த்தான். முதலாளிக்கு அந்தக் கதையில் கோபம். ஒர்க்‌ஷாப்பில் மற்றவர்களுக்குப் பாதி சந்தேகம், பாதி பயம்.

என் வீட்டுக்காரர் ஸ்ப்ரேயில் கெட்டிக்காரர். ஆனால் கலப்பதில் சுமார்தான். அவர் அட்டைகள் வெயிலில் வைத்தால் விளிம்பு தெரிந்தது. திரும்பத் திரும்பக் கலந்தார். முதலாளி ஒன்றும் சொல்லாமல் பெருமூச்சு விடுவார்; அது திட்டை விட மோசம். மனுஷர் சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் நிறத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் காலையில் அவர் போன் கைதவறிக் கீழே விழுந்தது. கவர் கழன்று ஒரு பக்கம் போயிற்று. கவருக்குள்ளிருந்து பிளாஸ்டிக் தாளில் மடித்த சின்னக் காகிதம் ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது. நகத்தளவு.

பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆரம்பித்த வாய் நிற்கவில்லை.

"கண் முன்னாடி ஒருத்தன் செத்துப் பிழைச்சான். ஆஸ்பத்திரில மாத்தி மாத்திக் காவல் இருந்தோம். இதையும் வச்சுட்டு எங்கூட ஒரே தட்டுல சாப்பிட்டீங்களா? வெக்கமா இல்ல?"

"இன்னும் போடல. கையிலதான் வச்சிருக்கேன்" என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

"எதுக்கு, பூஜை பண்ணவா?"

"அவனுக்குக் கெட்ட சரக்கு, அளவும் மீறிட்டான். பாதி போட்டா ஒண்ணும் ஆகாதாம். அவன் கண்ணு அவ்வளவு கூர்மையானதே இதாலதானாம். தத்துவம் மட்டும் சொல்லலடி, உன் தம்பியே சொன்னானே! பச்சைக்குள்ள பச்சைன்னு நம்ம எல்லாரையும் கூட்டி வச்சுச் சொன்னானே!"

 அவர் அந்தக் காகிதத்தைப் பொறுக்கி மறுபடி கவருக்குள் செருகிக்கொண்டிருக்க, நான் செருப்பை மாட்டிக்கொண்டு தம்பி அறைக்குப் போனேன். சட்டை மாட்டிக்கொண்டிருந்தவனிடம் கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். அவன் கட்டிலில் உட்கார்ந்தான். முகத்தை ரெண்டு கையாலும் துடைத்துக்கொண்டான். அழப்போகிறான் என்று நினைத்தேன். அழவில்லை. அந்த நோய்க்குப் பிறகு முதல்முறையாக அவன் கண்ணில் கோபத்தைப் பார்த்தேன். எனக்கு உயிர் வந்தது.

"நான் சொன்ன பொய்யை என் மாமா நம்பியிருக்காரு. பெயிண்டுன்னு சித்தப்பா சொல்றதையும் வாய மூடிக் கேட்டுட்டு இருந்தேன். நல்லா இருக்கு என் லட்சணம்" என்றான். "வா, வேலைக்கு நேரமாச்சு."

ஒர்க்‌ஷாப் போனதும் அவன் உப்புத்தாளைத் தொடவில்லை. நேராகக் கலக்கும் மேஜைக்குப் போனான். "என்னடா?" என்று முதலாளி ஓடிவந்தார். "ஒரே ஒரு அட்டை சார். யார் காருக்கும் இல்ல" என்றான். தகர அட்டையில் சுத்தமான வெள்ளையை அடித்துக் காயவைத்தான். பிறகு ஸ்ப்ரே கன்னின் காற்றைக் குறைத்து, வெள்ளை மேல் சாம்பல் நிறத்தைப் பொடிப் புள்ளிகளாகத் துப்ப வைத்தான். அதன்மேல் கறுப்பு. அதன்மேல் துளி நீலம். நடுநடுவே அட்டையை நிமிர்த்தி, சுவரைப் பார்ப்பான், அட்டையைப் பார்ப்பான். இன்னும் கொஞ்சம் துப்புவான். பழைய நாட்களில் காரைப் பார்த்து அட்டையைப் பார்ப்பானே, அதே தலையசைப்பு.  கடைசியில் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு, கம்பியில் மாட்டினான்.

டீ நேரம் வந்தது. எல்லோரும் மேஜையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஓரமாக நின்றார். அந்த நேரம் பார்த்துத் தத்துவமும் பம்பர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"நல்லதாப் போச்சு, நீயும் வா" என்றான் தம்பி. பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னான். "என் கண்ணு பெயிண்ட் வாசனையால கெடல. யாராவது இனிமே அப்படிச் சொன்னா என்கிட்ட அனுப்புங்க. ஸ்டாம்ப் போட்டேன், கெட்டுப்போச்சு. கண்ணு கூராச்சுன்னு சொன்னதும் பொய். ஊதாக் கதவோட அட்டை தொங்குது பாருங்க, அதான் ஸ்டாம்ப் போட்டுக் கலந்தது. அதுக்கு முன்னாடி கலந்ததெல்லாம் நானே கலந்தது."

 தத்துவத்துக்கு வாய் சும்மா இருக்காது. வழக்கம் தெரியாமல் புது அட்டையைக் கம்பியிலிருந்து கழற்றிப் பார்த்தான்.

"அட, இது என்ன மாப்ள? சூப்பர் டிசைனா இருக்கே! ஃபிரேம் போட்டு மாட்டலாம்."

"பிடிச்சிருக்கா?"

"அசத்திட்ட போ."

"நான் வெள்ளைச் செவுத்தப் பாத்தா இப்படித்தான் தெரியும். கிட்ட வச்சு நல்லாப் பாரு. புள்ளி தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

"இப்ப கண்ண மூடு."

தத்துவம் சிரித்துக்கொண்டே மூடினான்.

"இப்பவும் புள்ளி தெரியுதா?"

"என்னடா கேள்வி இது? கண்ண மூடினா எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுதுடா" என்றான் தம்பி.

தத்துவம் கண்ணைத் திறந்தான். ஒளி, பிரபஞ்சம் எதுவும் வாயில் வரவில்லை. அட்டையை மேஜையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். முதலாளி வாசலைக் காட்டி, "பெட்டியை இறக்கியாச்சில்ல, கிளம்பு. நாளைலேர்ந்து வேற ஆள அனுப்பச் சொல்றேன்" என்றார்.

நான் அவனைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லாமலே அவரும் கண்ணை மூடியிருந்தார். டீ டம்ளரைப் பிடித்தபடி அப்படியே நின்றார். ரொம்ப நேரம் திறக்கவில்லை. திறந்ததும் போனை எடுத்து, கவரைக் கழற்றி, அந்தக் காகிதத்தை எல்லோர் முன்னாலும் பெயிண்ட் கழுவிய அழுக்குத் தின்னர் டப்பாவில் போட்டார். என் தம்பி அட்டையை எடுத்து மறுபடி கம்பியில் மாட்டினான்.

"மாமா, அந்தச் சாம்பல் பம்பருக்கு நிறம் கலந்தாச்சா?"

"இல்ல மாப்ள. சரியா வரவே மாட்டேங்குது."

"மறுபடி கலங்க. எத்தனை தடவை ஆனாலும் வெயில்ல வச்சுப் பாத்துட்டு அடிங்க" என்றான். உப்புத்தாளை எடுத்துக்கொண்டு, கண்ணை மூடி, கதவைத் தடவ ஆரம்பித்தான்.